வாள்சண்டைக்கு அப்பாலும் இருக்கிறது ஜப்பானிய அனிமேஷன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்ததிலிருந்து நாளிதழ்களின் சினிமாப் பக்கத்தில் ஜப்பானிய அனிமேஷனுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் எழுதப்படுபவை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடர்கள், இல்லையென்றால் ரத்தம் தெறிக்கும் சண்டைப் படங்கள். நல்ல சிறுகதையையும் ஓவியத்தையும் ரசிக்கிற நாற்பது வயதுக்காரர் எதில் தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. அவருக்காகச் சில பெயர்கள்.

முதலில் கிஹாசிரோ கவாமோட்டோ (1925–2010). பொம்மைகளை இம்மியளவு நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) படமெடுத்தவர். 1963-இல் பிராகுக்குப் போய் செக் நாட்டுப் பொம்மைப்பட மேதை யிர்ஷி டிரன்காவிடம் கற்றார். டிரன்கா அவரைச் சொந்த மரபின் பக்கமே திருப்பிவிட்டார். அதன் விளைச்சலாக, முகமூடியணிந்து நடிக்கும் நோ நாடகமும் புன்ராகு பொம்மலாட்டமும் அவர் படங்களுக்குள் வந்தன. 'ஓனி' (1972, 8 நிமிடம்), 'தோஜோஜி' (1976, 19 நிமிடம்), 'கதாகு' (1979, 19 நிமிடம்) என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. தோஜோஜியில் ஒரு பெண் இளம் துறவியின் மீது ஆசை கொள்கிறாள், அவன் ஓடுகிறான், ஆற்றைக் கடக்கையில் அவள் பாம்பாகிறாள், அவன் கோயில் மணிக்குள் ஒளிகிறான். ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் படம் எதையும் விளக்குவதில்லை. கதையை முன்பே தெரிந்துகொண்டு பார்ப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. கவனிக்க வேண்டியது பொம்மையின் முகத்தை. நோ முகமூடியைப் போலவே தலை சற்றுத் தாழ்ந்தால் நிழல் விழுந்து துயரமாகும், நிமிர்ந்தால் ஒளி பட்டு மலர்ச்சியாகும். கைப்பேசித் திரையில் இந்த நுட்பம் கண்ணுக்கே தெரியாது. இவருடைய குறும்படத் தொகுப்பு அமெரிக்காவில் டிவிடியாக வந்திருக்கிறது. வாங்குபவர்கள் ரீஜியன் எண்ணை, அதாவது வட்டு எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்ணை, பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க வட்டு ரீஜியன் 1, இங்கே விற்கும் பிளேயர்கள் ரீஜியன் 5. எல்லா ரீஜியனையும் ஏற்கும் பிளேயர் இல்லாவிட்டால் வட்டு ஓடாது.

பொம்மைப்படம் வேண்டாம், கதையோட்டமுள்ள முழுநீளப் படம் வேண்டும் என்பவர்களுக்கு இசாவோ தகஹாதாவின் 'ஒன்லி எஸ்டர்டே' (1991). 'டோட்டோரோ' எடுத்த ஜிப்லி நிறுவனத்தின் படம்தான், ஆனாலும் அதைப் பார்த்தவர்களில் பலர் இதைத் தொடுவதே இல்லை. டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் குசும்பப்பூ பறிக்க யமகதா கிராமத்துக்குப் போகிறாள். அவளுடைய ஐந்தாம் வகுப்பு நினைவுகள் கூடவே வருகின்றன. நினைவுக் காட்சிகளின் ஓரங்கள் வெள்ளையாக மங்கியிருக்கும். நிகழ்காலத்தில் பின்னணி முழுதாக நிறைந்திருக்கும், சிரித்தால் கன்னத்தில் கோடு விழும். குரலை முதலில் பதிவுசெய்து அதற்கேற்ப வாயசைவை வரைந்ததால், ஜப்பானியக் குரலோடு பார்ப்பதே சரி.

மமோரு ஓஷீயின் 'ஏஞ்சல்ஸ் எக்' (1985, 71 நிமிடம்) வேறு ரகம். ஒரு சிறுமி, ஒரு முட்டை, ஆளில்லா நகரம். வசனம் மிகக் குறைவு. மீன்களின் நிழலை ஈட்டி எறிந்து வேட்டையாடும் மனிதர்களைப் பார்த்து "இதற்கு என்ன அர்த்தம்?" என்று முதல் தடவையே தோண்டத் தொடங்கினால் அரைமணியில் அலுப்புத் தட்டிவிடும். யோஷிதகா அமானோவின் வடிவமைப்பையும் ஒலியையும் பின்தொடர்ந்தால் போதும். இது பெரும்பாலும் கரிய, கருநீலப் படம். இணையத்தில் உலவும் தரக்குறைவான நகல்களில் இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடைந்து சேறாகிவிடும். 2025 கான் திரைப்பட விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் காட்டப்பட்ட, 4கே தெளிவில் புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள், அதுவும் விளக்கை அணைத்துவிட்டு.

எச்சரிக்கையோடு சொல்ல வேண்டிய படம் எயிச்சி யமமோட்டோவின் 'பெல்லடோனா ஆஃப் சேட்னஸ்' (1973). ஜூல் மிஷ்லே சூனியக்காரிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நூலைத் தழுவியது. குனி ஃபுகாயின் நீர்வண்ண ஓவியங்கள் பல இடங்களில் அசைவதே இல்லை. நீண்ட ஓவியத்தின் மீது காமிராதான் நகர்கிறது. இதைத் தயாரித்த முஷி புரொடக்‌ஷன் அதே ஆண்டு திவாலானது. படத்தில் பாலியல் வன்முறை உண்டு, வெளிப்படையாகவே உண்டு. பெண்ணின் வதையைக் கண்டிக்கும் படம் அதையே அழகாகவும் வரைகிறது என்ற குறை நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனாலும் வண்ணத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம். குடும்பத்தோடு போட்டுவிட்டு நடுவில் நிறுத்த நேராமலிருக்க இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கோஜி யமமுராவின் 'மவுண்ட் ஹெட்' (2002, 10 நிமிடம்) ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. செர்ரிப் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிய கஞ்சன் தலையில் மரம் முளைக்கிறது. ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடியபடி கதை சொல்பவரின் வேகத்துக்குச் சப்டைட்டில் ஓடும், படத்தைப் பார்க்க விடாது. இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். சிரிக்க விரும்புவோருக்கு கென்ஜி இவாய்சவாவின் 'ஆன்-காகு' (2019). 71 நிமிடம், ஏழாண்டு உழைப்பு, 40,000-க்கும் மேல் கையால் வரைந்த படங்கள்.

தொலைக்காட்சியில் ஒரு விஷயத்தைச் சரிசெய்யாவிட்டால் இவ்வளவும் வீண். அனிமேஷனில் நொடிக்கு 24 சட்டகம் ஓடினாலும், பெரும்பாலும் 12 அல்லது 8 ஓவியங்களே இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சட்டகங்களுக்கு நிற்கும். அந்தச் சிறு தயக்கம் இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது. புதிய டிவிகள் இடையில் தாமாகச் சட்டகங்களைக் கற்பித்துச் செருகுகின்றன. கோடுகளின் ஓரம் கலங்கும், பொம்மைகள் வழுக்குவது போலத் தோன்றும். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர். அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தாலே அணைந்துவிடும். பழைய குறும்படங்கள் பலவும் இன்றைய அகலத்திரைக்கு மாறாக, கிட்டத்தட்டச் சதுரமான 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. பக்கக் கறுப்புப் பட்டைகளை வெறுத்து 'ஜூம்' செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும்.

திரைப்படக் கழகங்களுக்கு: ஓனி, தோஜோஜி, மவுண்ட் ஹெட் மூன்றும் சேர்த்து 37 நிமிடம்தான், கலந்துரையாடலுக்கு நேரம் மிஞ்சும். பெல்லடோனாவையும் ஏஞ்சல்ஸ் எக்கையும் ஒரே மாலையில் போடாதீர்கள். வீட்டு ஓடிடி சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. உரிமையாளரிடம் எழுத்துவழி அனுமதி தேவை.

செலவில்லாமல் தொடங்க விரும்புவோர் ஜப்பானின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் பழம்பெரும் அனிமேஷன் தளத்துக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய படங்கள் ஆங்கிலச் சப்டைட்டிலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே நொபுரோ ஓஃபுஜியைத் தேடுங்கள். 'சியோகாமி' பூவேலைத் தாளை வெட்டிப் படமெடுத்தவர். பின்னாளில் 1952-இல் வண்ண செல்லோஃபேன் தாள்களுக்குப் பின்னால் விளக்கேற்றி, நம் தோல்பாவைக் கூத்தின் முறையிலேயே 'திமிங்கிலம்' எடுத்தார்; அது 1953-இல் கான் விழாவுக்குப் போனது.

உங்கள் சினிமாப் பக்கத்தில் வாரம் ஒரு படத்துக்கு நான்கு வரி ஒதுக்க முடியுமா? இயக்குநர், ஆண்டு, நீளம், எந்த வயதினருக்கு என்ற விவரங்கள் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை