சுடவைத்தால் ஹிஸ்டமின் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் புளித்த உணவுகளின் நன்மை பற்றி வந்த கட்டுரை பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் ஊறுகாயோ கருவாடோ சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, மூக்கு ஒழுகி, வயிறு உப்பி அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது ஹிஸ்டமின் சகிப்பின்மை: ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உடலால் போதிய அளவு சிதைக்க முடியாத நிலை. உணவோடு வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைப்பது டயமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி. அது குறைந்தாலோ, மருந்தால் தடைபட்டாலோ, சிதையாத மிச்சம் ரத்தத்தில் சேர்கிறது.

இணையத்தில் கிடைக்கும் தடைப்பட்டியலை நம்பி தக்காளி, கத்தரிக்காய், பசலைக்கீரை, பருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் சோறும் நெய்யுமாக மெலிந்துபோகிறவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பட்டியலுக்கு முன்னால் அவர்கள் கவனிக்க வேண்டியது, உணவு எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பதை.

மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அயிலை (மும்பையில் பாங்டா), சூரை, மத்தி ஆகியவற்றில் ஹிஸ்டிடின் அதிகம். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் குக்கரில் வேகவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், ஃப்ரீசரில் உறையவைத்தாலும் அழியாது. நேற்றைய மீன் குழம்பைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். கெட்ட வாடை வரவில்லை என்பதும் உத்தரவாதம் ஆகாது.

மும்பையில் இதற்குப் பருவமும் உண்டு. மழைக்காலத்தில், வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில், விசைப்படகுகளுக்குக் கடலில் தடை. அப்போது சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து ஐஸில் வந்தது அல்லது குளிர்பதனக் கிடங்கில் இருந்தது. அந்த மாதங்களில் பாங்டாவைத் தவிர்த்து வாவல் போன்ற வெள்ளைச் சதை மீனை வாங்கலாம். எந்த மாதமானாலும் ஐஸ் இல்லாமல் பலகையில் கிடக்கும் மீன் வேண்டாம். செவுளையும் குடலையும் அங்கேயே எடுத்துவிடச் சொல்லி, ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றே சமைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவேளை அளவாகப் பிரித்து உடனே ஃப்ரீசரில் வைத்து, சமைக்கும்போது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் விடுவதுதான் கெடுதல்.

அடுத்தது மதியச் சாப்பாட்டு டப்பா. காலை 6 மணிக்குக் கட்டிய கோழிக்குழம்பு, லோக்கல் ரயிலின் புழுக்கத்தில் போய் பிற்பகல் 1 மணிக்குத் திறக்கும்போது ஏழு மணி நேரமாகியிருக்கும். இந்தச் சகிப்பின்மை உள்ளவர்கள் அலுவலகத்துக்குக் காய்கறிக் கூட்டும் சாதமும் கொண்டுபோய், மீன், இறைச்சியை இரவில் சூடாகச் சாப்பிடுவது நல்லது. மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் உறையவைக்கலாம்.

இட்லியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மாவு புளிக்கப் புளிக்க ஹிஸ்டமினும் அதே அளவில் ஏறும் என்று கணக்குப் போட முடியாது. எந்த நுண்ணுயிர் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. ஹிஸ்டமின் சேரும் உணவுகளை விட்டுச் சோதித்துப் பார்க்கும் நாட்களில் இடியாப்பம், புட்டு, பெசரட்டு, வெண்பொங்கல் போதும். பிறகு, முதல் நாள் இரவு அரைத்துக் காலையில் வார்த்த இட்லி இரண்டைச் சாப்பிட்டுப் பார்க்கலாம். நான்காம் நாள் மாவை வைத்துச் சோதிக்கக் கூடாது.

சோதனைக் காலம் 10 முதல் 14 நாள். அதற்குள் தொந்தரவு குறையவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் வேறு. கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவதில் பயனில்லை. குறைந்தால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்: தக்காளி என்றால் முதலில் அரை, அடுத்து ஒன்று. நோட்டில் சமைத்த நேரம், உண்ட நேரம், தொந்தரவு தொடங்கிய நேரம், குடித்த மருந்து, பெண்களென்றால் மாதவிலக்கு நாள், எல்லாம் இருக்க வேண்டும். இந்த நோயை உறுதிசெய்ய நம்பத்தக்க ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை என்பதால், அந்த நோட்டுதான் மருத்துவருக்குச் சான்று.

காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், சூரை போன்ற மீன் சாப்பிட்டதும் முகச் சிவப்பும் படபடப்பும் வரலாம். மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள், மீனை நிறுத்துங்கள். செட்ரிசின் மாத்திரை ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்குமே தவிர அதன் அளவைக் குறைக்காது. டயமைன் ஆக்சிடேஸ் குறைவை ஈடுகட்ட விற்கும் நொதி மாத்திரைகளில் பல பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுபவை. சைவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். மூச்சு முட்டினாலோ நாக்கு வீங்கினாலோ, உணவுக் கணக்கெல்லாம் அப்புறம், உடனே மருத்துவமனை.

தங்கள் சமையல் பக்கத்தில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எப்படி எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மீன், இறைச்சிக் குறிப்புகளிலிருந்தாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்,
செம்பூர், மும்பை