நூல் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு: ஆசிரியர் பெயர் வரிசை

வணக்கம். நேற்று ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டார்: "தெளிவத்தை ஜோசப்பைத் 'தெ'யில் தேடினேன், ஆளையே காணோமே?" இருக்கிறார், 'ஜோ'வில்! நம் மின்னூல்களை அடுக்கிவைக்கும் காலிபர் மென்பொருள், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்து 'ஜோசப், தெளிவத்தை' என்று திருப்பிப் போட்டுவிடுகிறது. வெள்ளைக்காரர் பெயருக்கு அது சரி. நம் மலையக எழுத்தாளர்களுக்கு முன்னால் நிற்பது தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர். மாத்தளை சோமுவும் இப்படித்தான் 'சோ'வுக்குப் போயிருக்கிறார்.

ஆகவே நூலைச் சேர்க்கும்போது ஆசிரியர் வரிசைக்கான கட்டத்தில் ஊர்ப்பெயரையே முன்னுக்குப் போடுங்கள், காற்புள்ளி வேண்டாம். தலைப்பெழுத்து உள்ளவர்களை அப்படியே விடலாம், 'வேலுப்பிள்ளை, சி. வி.' என்று வருவது தேட வசதிதான். ஆனால் 'சி.வி.', 'சி. வி.' என்று ஆளுக்கொரு விதமாக அடித்தால் அவர் இரண்டு பேராகிவிடுவார். புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள், எல்லோரும்.

நூல் தலைப்பில், முதலில் வரும் ஆங்கில 'தி', 'ஏ' இரண்டையும் மென்பொருளே கடைசிக்குத் தள்ளும். நம் 'ஒரு'வை அது தொடாது. நாமும் தொட வேண்டாம், 'ஒ'விலேயே இருக்கட்டும். யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தலைப்புகள்தான் பெரிய தலைவலி. காலிபரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்து, ஆங்கில நூல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

ஏற்கெனவே உள்ளவற்றை போயா (பௌர்ணமி) லீவில் நான் திருத்துகிறேன். ஆசிரியர் பட்டியலில் எல்லா வரிசையையும் மறுபடி கணக்கிடும் பொத்தானை மட்டும் யாரும் அழுத்திவிடாதீர்கள், கையால் மாற்றியதெல்லாம் பழையபடி திரும்பிவிடும்.