அத்திப்பட்டிக்குக் குடம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, அவினாசி வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர் உலர்களத்தில் நடித்து முடித்தோம். துணை நின்றவர்களை வீடு தேடிச் சென்று பார்ப்பதே முறை. ஆனால், பாதிப் பேர் ஒன்றரை ஷிப்டு முடித்து வீடு திரும்பும் நேரத்தில் மீதிப் பேர் விசைத்தறிக்குக் கிளம்பும் ஊர் இது என்பதால், அது கைகூடவில்லை. ஆகவே இம்மடல்.

இந்த நாடகம் 1980இல் மேடையேறியது. மறு ஆண்டே கே. பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். எங்கள் ஊரில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது படம்தான். செவந்தியாக நடித்த பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், "சரிதா நடிச்சதை நான் நடிச்சாச் சிரிக்க மாட்டாங்களா?" என்று முதல் இரு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

வேறு நாடகம் கிடைக்கவில்லையா என்று கேட்டவர்களும் உண்டு. கரிசல் காட்டில் வாடும் அத்திப்பட்டிக்கு, போலீசார் தேடும் வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருவதும், ஊரார் தாமே கால்வாய் வெட்ட இறங்கும்போது சட்டம் குறுக்கே வருவதும் எங்களுக்கு அயலூர்க் கதையாகப் படவில்லை. அத்திக்கடவு – அவினாசித் திட்டத்துக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் குரல் கொடுத்த மண் இது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்கள் வழியே ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்க்கும் அத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. தண்ணீருக்காக மனு எழுதி எழுதியே கை தேய்ந்த பெரியவர்கள் நாடகத்தன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அதிகாரி வந்து விதிமுறை பேசும் காட்சியில் அவர்களிடமிருந்து எழுந்த முனகல், நாங்கள் ஒத்திகையில் எதிர்பார்க்காத ஒன்று.

எங்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது பேச்சு. கோவில்பட்டிப் பக்கத்து வசனத்தை எங்கள் வாய் ஏற்கவில்லை. எவ்வளவு திட்டினாலும் வரியின் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவரையொருவர் அடிக்கப் பாயும் காட்சியிலும் எங்கள் ஆட்கள் மரியாதையாகவே பாய்ந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் பவர்டேபிளில் தைக்கும் ஓர் அக்கா, ஆறு வாரம் இரவு ஒன்பதரை மணிக்குச் சாவடிக்கு வந்து, 'அக்கட்டால போ' என்பதை 'அங்கிட்டுப் போ' என்று மாற்றுவதில் தொடங்கி, சொல்சொல்லாகத் திருத்தித் தந்தார். மேடையில் அவர் முகம் தெரியவில்லை; ஆனால் அன்று நீங்கள் கேட்ட ஒவ்வொரு வரியிலும் அவர் இருந்தார். அக்கா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

நாடகத்துக்கு நான்கு நாள் இருக்கையில், வாக்களித்திருந்த மண்டபம் கைவிட்டுப் போயிற்று. காரணத்தை இங்கே கிளற விரும்பவில்லை. அன்று இரவே தம் கடலைக்காய்க் களத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்த தோட்டத்து அய்யாவுக்கும், அவ்வளவு தொலைவுக்கு ஒயர் இழுத்தும் வாடகையில் ஒரு ரூபாய் ஏற்றாத ரேடியோ செட்காரருக்கும், கம்பத்தடியில் ஆட்டம் முடியும்வரை நின்ற லைன்மேன் அண்ணனுக்கும் எங்கள் நன்றி. காங்கயம் காளை ஜோடியோடு வண்டியும் தந்த மாமாவிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி அலறியதும் மயிலைக்காளை மிரண்டு திமிறியதால், மாடுகளைத் திரைக்குப் பின்னே சலங்கையொலிக்கு மட்டும் நிறுத்திவிட்டு, வண்டியை நாங்களே இழுத்து வந்தோம். உண்மையில் அதுவே காட்சிக்குப் பொருந்தியது என்பது எங்கள் எண்ணம்; மாமாவுக்கு அதில் வருத்தம் இருப்பதும் தெரியும்.

ஒத்திகை நாட்களில் பையன்களைச் சீக்கிரம் விடுவித்த மேஸ்திரிகளுக்கும், போலீஸ் உடுப்பைக் கூலி வாங்காமல் தைத்த தையல்காரருக்கும், இரவுதோறும் சந்தகை பிழிந்து கொடுத்த ஆத்தாமார்களுக்கும் நன்றி. துண்டில் விழுந்த பணத்தையும் செலவையும் விவரமாக எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் குடங்கள். காட்சிக்குப் பிளாஸ்டிக் குடமே போதும் என்றிருந்தோம். தெருப் பெண்கள் அதைக் கேட்டதும், அந்தக் காலத்தில் ஏதப்பா பிளாஸ்டிக் என்று எங்களை ஏசிவிட்டு, பரண்மேல் கிடந்த சீர்க்குடங்களைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மொத்தம் 31 பித்தளைக் குடங்கள். பெரும்பாலானவற்றின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. ஆட்டம் முடிந்து குடத்தைத் திரும்ப வாங்க வந்த ஓர் அப்பத்தா, அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எடுக்கோணும்னு ரெண்டு மைல் நடந்தனுங்க சாமி, இன்னைக்கு வெறுங்குடத்தை வெச்சே அழ வெச்சுப்போட்டீங்க" என்றார். எங்களுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே பெரிதாகக் கொள்கிறோம்.

அவற்றில் 28 குடங்கள் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. மூன்று எங்களிடம் இருக்கின்றன: ஒன்றில் பெயர் தேய்ந்துவிட்டது, ஒன்றில் விளிம்பு நசுங்கியிருக்கிறது, இன்னொன்றில் பெயருக்குப் பதில் ஒரு பூ மட்டும் வெட்டியிருக்கிறது. நசுங்கியது எங்கள் கைப்பிழை. தட்டிச் சரிசெய்து வைத்திருக்கிறோம். உரியவர்கள் காலையில் பால் சொசைட்டிக்கு வரும்போது கேட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
நாடகக் குழுவினர்