துருப்பிடித்த கள்ளி

சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்து டூசானில் உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற இரும்புக் கள்ளிகளைத்தான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. துருப்பிடிக்காத தகடு உருட்டியே முப்பது வருஷம் ஓட்டியவன் நான். சுருளில் பொட்டுக் கறை தெரிந்தால் ஷிஃப்டே ரெண்டுபடும். அங்கே என்னடாவென்றால் துருவைக் காசு கொடுத்து வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்! எவர்சில்வரில் செய்திருக்கலாமே என்றேன். "அந்த வெயிலில் எவர்சில்வரா? உள்ளே போகிற நோயாளிக்குக் கண்ணும் போயிடும்" என்றாள் அம்மா. சரிதான்.

அப்புறம் நிதானமாகப் பார்த்தால், அது கார்ட்டன் ஸ்டீல். செம்பும் குரோமியமும் கொஞ்சம் சேர்த்தது. மேலே பிடிக்கிற துரு கெட்டியாகப் படிந்து உள்ளிரும்பைக் காக்கும். கடலோர உப்புக்காற்றுக்குத் தாங்காது, உங்கள் காய்ந்த ஊருக்குச் சரியான சரக்கு. மடிப்பு மடிப்பாக வளைத்திருப்பதும் சும்மா இல்லை. மழை பெய்தால் உங்கள் பாலைவனத்துச் சாகுவாரோக் கள்ளியின் மடிப்புகள் விரிந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கும் என்று நீதானே சொன்னாய்? கை முளைக்கவே 50, 70 வருஷம் ஆகுமாமே. நம் வேலியோரச் சதுரக்கள்ளி மாதிரி கீறினால் பால் வடிகிற சாதி இல்லை அது.

போன ஆடியில் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் பணம் கட்டும் விவரம் எழுதிய போர்டு. அதையே நூறு தடவை படித்திருப்பேன். கடைசியில் மாடிப்படி ஜன்னலில் சேர்வராயன் மலை ஒரு துண்டு தெரிந்தது. அங்கே போய் நின்றுகொண்டேன். 1984-ல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எழுதியதைச் சொன்னாயே, அதுவும் பித்தப்பை ஆபரேஷன்தான்: ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள் என்று. அம்மா கட்டிலுக்கு எதிரே இருந்தது லிஃப்ட் கதவு. மரமும் இரும்புக் கள்ளியும் ஒன்றாகாதுதான். ஆனாலும் அந்த போர்டுக்கு எவ்வளவோ மேல்.

டியூட்டி முடிந்து வரும்போது கிட்டப் போய்ப் பார், கண்ணு. வெல்டிங் போட்ட கோடு மட்டும் வேறு நிறமாக இருந்தால் ராடு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அடியில் சிமெண்டில் செங்காவி ஒழுகியிருக்கிறதா என்றும் பார்த்து எழுது. நீயும் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம் அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா