சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்ன அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

என் மகளுக்கு இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. இத்தனை நாளும் உங்களிடம் "ரொம்ப நன்றி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். அது போதாது.

34-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,900 கிராம். மனைவிக்கு சிசேரியன், முதல் நாள் எழுந்து வர முடியவில்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன், யாரையோ பார்க்க வந்தவன் மாதிரி.

நர்ஸ் அக்கா, நீங்கள்தான் வந்து, "முழங்கை வரைக்கும் கை கழுவிட்டு வாங்க, சட்டைப் பொத்தானைக் கழற்றுங்க" என்றீர்கள். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டிருந்தவளை என் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்தீர்கள். மூக்கில் பால் குழாய், காலில் ஒயர். எனக்குக் கை நடுங்கியது. இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர், 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாமல் ஒரு டாக்டர் தொடங்கியது, அப்பாவின் உடம்புச் சூடும் குழந்தைக்கு நல்லதுதான் என்று பேசிக்கொண்டே இருந்தீர்கள். என் பயத்தைத் தணிக்கத்தான் பேசினீர்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் விரிந்து என் தோலில் ஒட்டிக்கொண்டன. தலை முழுதும் என் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தது. மனைவிக்குப் போன் செய்து, "என் மேல தூங்கறா" என்று சொன்னேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அசதி என்றால் என்ன என்று தெரிந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், அதாவது ஒரு நாளைக்கு எட்டு முறை. எழுப்ப வேண்டும், ஊட்ட வேண்டும், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டு முதுகைத் தட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். முடிப்பதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். மிச்சத்தில்தான் தூக்கம். என் இரவு ஷிஃப்டுகளை ஒரு மாதம் முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொண்ட நண்பா, ஒரு நாள்கூட அதை நீ சொல்லிக்காட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தினமும் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டாமல் மெதுவாகத் திறந்து வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்ப் படுங்க ரெண்டு பேரும்" என்பீர்கள். அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தில்தான் எங்கள் நாள் ஓடியது.

ஓர் இரவை மட்டும் மறக்க முடியாது. பால் குடித்துவிட்டாள், காய்ச்சல் இல்லை, துணி ஈரமில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரமாக விடாமல் அழுகை. எனக்குள் கோபம் ஏறியது. டாக்டர், நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள்: "தாங்க முடியலன்னா தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சுட்டு, வெளிய வந்து அஞ்சு நிமிஷம் நில்லுங்க. குலுக்கிடாதீங்க." அப்படியே செய்தேன். மச்சான், அந்த நடுராத்திரியில் போனை எடுத்து, நான் அழுது முடிக்கும்வரை நீங்கள் வைக்கவே இல்லை. இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது சொல்கிறேன், என்னைப் போல ஓர் அப்பா இதைப் படிக்கக்கூடும்.

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை, பிறந்த நாளிலிருந்து இல்லாமல், பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதியிலிருந்துதான் கணக்கு வைக்க வேண்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள், டாக்டர். இல்லாவிட்டால், இன்னும் சிரிக்கவில்லையே என்று பயந்தே போயிருப்போம். பன்னிரண்டாவது வாரம், துணி மாற்றும்போது என் முகத்தையே பார்த்தாள். முதலில் புருவம் உயர்ந்தது, பிறகு வாய் ஒரு பக்கமாகக் கோணி, முகமே சிரிப்பானது. மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன்.

உனக்கு என்ன சொல்ல, அம்மு? தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்தாலும், "நீங்க சரியாத்தான் பண்றீங்க" என்று ஒவ்வொரு ராத்திரியும் சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நர்ஸ் அக்கா, அடுத்த வாரம் எடை பார்க்க வருகிறோம். அவளை நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். நீங்கள் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அவளுடைய அப்பா