அந்த வால்ட்ஸ் ஸ்ட்ராஸுடையது அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கிராமத்துப் பிடில் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் ‘ஓவர் தி வேவ்ஸ்’ என்ற வால்ட்ஸை (மூன்றெண்ணிக்கையில் சுழலும் ஐரோப்பிய பாணி நடன இசை) சொல்லும் இடத்தில் ‘ஸ்ட்ராஸ் இயற்றியது’ என்று, வியன்னாவின் புகழ்பெற்ற வால்ட்ஸ் இசையமைப்பாளர் பெயரில், அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

அதை இயற்றியவர் ஹுவென்டினோ ரோசாஸ். மெக்சிகோவில், குவானஹுவாட்டோ மாநிலத்தைச் சேர்ந்த சாந்தா குரூஸ் என்ற ஊரில், ஓட்டோமி பழங்குடியில் 1868-இல் பிறந்தவர். ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் வியன்னாவில் அரங்கேறியதற்கு அடுத்த ஆண்டு அது. குடும்பம் பிழைப்புத் தேடி மெக்சிகோ நகரத்துக்கு வந்தது. அங்கே சிறுவயதிலேயே தெருவில் வயலின் வாசித்துக் காசு சேர்த்தார். இசைக் கல்லூரியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. 1888-இல், இருபதாவது வயதில், ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’, அதாவது ‘அலைகளின் மேலே’, அச்சில் வந்தது. வாக்னர்–லெவியன் என்ற பதிப்பகத்துக்கு வெறும் 45 பெசோவுக்கு அதை விற்றார் என்று சொல்கிறார்கள். அதன்பின் உலகம் முழுக்க விற்ற இசைத்தாள்களில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய் வாசித்தார். மறு ஆண்டு கியூபாவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது நோய்வாய்ப்பட்டு, படபானோ துறைமுகத்தில் இறந்தார். வயது 26. அவருடைய எலும்புகள் தாய்நாடு திரும்ப 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அவர் பிறந்த ஊரின் பெயரே சாந்தா குரூஸ் தே ஹுவென்டினோ ரோசாஸ்.

தவறு ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. வியன்னா வால்ட்ஸ்களைப் போலவே இதிலும் ஒரு முன்னுரை, அதைத் தொடர்ந்து வரிசையாகப் பல பகுதிகள். கேட்டவுடன் ஐரோப்பாதான் நினைவுக்கு வரும். தெருவில் வாசித்து வளர்ந்த பழங்குடி இளைஞனை யாரும் நினைப்பதில்லை. போதாக்குறைக்கு மெட்டு ஊர் ஊராகப் போய்விட்டது. ராட்டினங்களில் தானே ஒலிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியில் ஏறியது. சர்க்கஸில் ஊஞ்சல் வித்தைக்காரர்கள் அந்தரத்தில் பறக்கும்போது ஒலித்தது. 1951-இல் ஒரு ஹாலிவுட் படம் அதற்கு ஆங்கில வரிகளைச் சூட்டியது. அமெரிக்கப் பிடில்காரர்கள் நீண்ட வடிவத்தைக் குறைத்து, நாவில் நிற்கும் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்பா வாசிக்க, மகன் கேட்டுக் கற்றான். தாள் இல்லாத இடத்தில் மெட்டு நிற்கும், பெயர் உதிர்ந்துவிடும்.

பிடில் வேறு கருவி அல்ல என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். வயலின்தான் அது, நம் தாத்தாக்களும் ‘பிடில் வித்துவான்’ என்றுதானே சொன்னார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வீசர் நகரில் நடக்கும் தேசியப் பிடில் போட்டியில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வேகமான ஆட்ட மெட்டு, ஒரு வால்ட்ஸ், விருப்பப்படி இன்னொன்று என மூன்றை நான்கு நிமிடத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும். வேகத்தில் தப்பித்துக்கொள்பவர்கள்கூட வால்ட்ஸில் மாட்டிக்கொள்வார்கள். வில்லின் நீளம் முழுவதும் நாதம் ஒரே சீராக நிற்க வேண்டும், அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

நான் வயலின் கற்றுக்கொடுப்பவன். திஸ்ர நடையின் மூன்றெண்ணிக்கையைப் பிள்ளைகள் உடம்பில் ஏற்றிக்கொள்ள இந்த மெட்டைத்தான் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறேன். ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே முதல் தட்டில் மட்டும் வில்லைச் சற்று அழுத்தினால் போதும், தோள் தானாக அசைய ஆரம்பிக்கும். பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய என் நொட்டேஷன் புத்தகத்தில், அந்தப் பக்கத்தின் வலது மேல் மூலையில் ‘ஜே. ரோசாஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது (ஹுவென்டினோ என்பதை ஸ்பானிஷில் ‘J’ போட்டுத்தான் எழுதுவார்கள்). எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ, அந்தப் பெயரின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்தக் கோட்டைத்தான்.

போன வாரம் ஒரு மாணவி தங்கள் இதழைக் கொண்டுவந்து, “இதில் ஸ்ட்ராஸ் என்று போட்டிருக்கிறதே சார்?” என்று கேட்டாள். அச்சில் வந்ததைப் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆகவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும்: ‘ஓவர் தி வேவ்ஸ், இயற்றியவர் ஹுவென்டினோ ரோசாஸ், மெக்சிகோ, 1888.’ அதை வெட்டி என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தோடு ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி