சின்னப் பிள்ளைகளை எழுப்பி விடுங்கள், பாடி விளையாடட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

வருஷக் கடைசி வந்தால் நம் மலையகத் தேயிலைத் தோட்டப்பகுதி முன்பள்ளிகளில் கலைவிழா. ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு ஓடும், பவுடர் பூசிய நாலு வயசுப் பிள்ளைகள் மேடையில் வாயை மட்டும் அசைப்பார்கள். அம்மாமாருக்குச் சந்தோஷம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வாரக்கணக்காக நடந்த அந்தப் பழக்கத்தில் பிள்ளை தன் சொந்தக் குரலில் ஒரு வரிகூடப் பாடியிருக்காது. இன்னொரு பக்கம், கொஞ்சம் வசதியுள்ளவர்கள் டவுனில் சங்கீத வகுப்புக்கு அனுப்புகிறார்கள், அங்கே சம்மணம் போட்டு உட்கார வைத்து முதல் நாளே சரளி வரிசை, அதாவது ஸ ரி க ம என்று ஏறி இறங்கும் கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடம். நான் மஸ்கெலியாப் பக்கம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், கர்நாடக சங்கீதத்தை முறையாகப் படித்தவள், அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். அந்த உரிமையில்தான் சொல்கிறேன், ஆறேழு வயசு வரைக்கும் இந்த இரண்டுமே வேண்டாம்.

சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. கீழ் ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை ஏற வேண்டும். நாலைந்து வயசில் குரல் சிரமமில்லாமல் போகிற தூரம் ஐந்தாறு சுரம்தான், அதைத் தாண்டினால் மேலே கத்தும் அல்லது கீழே அடங்கிப் போகும். போதாததற்கு அந்த ராகத்தில் ஸ-வுக்கும் ரி-க்கும், ப-வுக்கும் த-வுக்கும் இடைவெளி மிகச் சின்னது, பெரியவர்களே அதில் தடுமாறுவார்கள். "உனக்குச் சுருதி சேரல" என்று ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், சில பிள்ளைகள் அப்புறம் வாயே திறப்பதில்லை.

ஹங்கேரியில் சோல்தான் கோடாய் (1882–1967) என்ற இசையமைப்பாளர் 1905 முதல் ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்தவர். பிள்ளைக்கு இசை அதன் தாய்மொழிப் பாட்டிலும் விளையாட்டிலும் தொடங்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர். அவர் வழியில் படிப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது இரண்டே சுரம், நம் கணக்கில் ப-வும் அந்தர காந்தாரம் என்கிற மேல் க-வும். பிறகு த சேரும், பிறகு ரி, ஸ. ஐந்தும் சேர்ந்தால் நம்முடைய மோகன ராகம்! சின்ன இடைவெளிகள் எதுவும் அதில் இல்லை, பிள்ளை பிடித்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் எமில் ஜாக்-டால்குரோஸ், ஜெனீவாவில் இசை படித்த மாணவர்களுக்கே லயம் நிற்கவில்லை என்று கண்டு, அவர்களை எழுப்பி நடக்க வைத்துத்தான் தாளத்தைப் படிப்பித்தார்.

இதற்கெல்லாம் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலிலேயே இருக்கிறது. 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கையைக் கோத்துத் தூக்கி நிற்க, மற்றவர்கள் முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்தபடி அடியில் நுழைந்து நுழைந்து போவார்கள், பத்துப் பூ பூத்ததும் கை இறங்கும், அகப்பட்டவர் அகப்பட்டதுதான். ஒன்றுக்குப் பிறகு இரண்டு என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், வகுப்பில் பெயரைக் கேட்டாலே தலையைக் குனிகிற பிள்ளையும் இதில் சத்தமாகப் பாடும். யாரும் சொல்லாமலே காலடி தாளத்தில் விழும். நன்றாகப் பழகிய பிறகு நான் ஒன்று செய்வேன்: ஒரு வரியை வாய்விட்டுப் பாட வேண்டும், அடுத்த வரியை மனசுக்குள் பாட வேண்டும், நடை மட்டும் நிற்கக்கூடாது. அறையில் கால் சத்தம் மட்டும் கேட்கும். மூன்றாவது வரிக்கு எல்லாக் குரலும் ஒரே இடத்தில், ஏறக்குறைய அதே சுருதியில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சுரமும் லயமும் உள்ளே இறங்கிவிட்டது, இன்னும் ஒன்றின் பெயரும் தெரியாது.

கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளம், குனிந்து நிமிர்ந்து தட்டும்போது மூன்று தானாக வந்துவிடும். மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தால் பொடியன்கள் பிஸ்கட் டின்னைத் தப்பு மேளமாக்கி அடித்துக்கொண்டே திரிவார்கள், நாம் சத்தம் போடாதே என்று விரட்டுகிறோம். விரட்டாமல் கூடவே நடந்து பாருங்கள்.

"விளையாடவா பள்ளிக்கு அனுப்புகிறோம், புலமைப்பரிசில் பரீட்சை இருக்கே" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறாம் தரத்தில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கும்போது இப்படி வளர்ந்த பிள்ளை காதையும் தாளத்தையும் கையோடு கொண்டுவரும், ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். செலவும் இல்லை. ஆர்மோனியம் வேண்டாம், மழை நாளில் வகுப்பறைக்குள்ளேயே வட்டம் போடலாம். முன்பள்ளி டீச்சர்மார் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும், உங்களுக்கு வசதியான சுருதி பிள்ளைகளுக்குக் கீழே போய்விடும், கொஞ்சம் உயர்த்தி எடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த ஆயம்மாமார், கொழுந்து எடுத்து ஓய்ந்த பாட்டிமார் பலருக்கு இந்தப் பாட்டுகள் நிறையத் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் மெட்டு கொஞ்சம் மாறும், அதையும் அப்படியே எடுத்து வைக்க வேண்டும். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பாட்டு விளையாட்டை, எப்படி நிற்பது, எங்கே தட்டுவது என்ற விவரத்தோடு போட முடியுமா? எனக்குத் தெரிந்தவற்றை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன், மற்றத் தோட்டங்களில் இருக்கிறவர்களும் அவர்கள் மெட்டை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா